பட்டாவில் ஒரு சிறு கோடு: கணினிக்குப் பொருள் சொல்லிக்கொடுப்பது எப்படி?

(அருப்புக்கோட்டையில் இ-சேவை மையம் நடத்துவோர், கல்லூரி மாணவர்கள், விவசாயிகள் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் இருக்கிற பெரியவர்கள், இ-சேவை மையம் நடத்துகிற அண்ணன்கள், அக்காக்கள், பின்னால் நிற்கிற தம்பி, தங்கைகள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் பேசப்போகிறேன். நான் படித்தது இதழியல். கணினி அறிவியல் இல்லை. அதனால் கணக்குச் சூத்திரம் எதுவும் வராது, பயப்படாதீங்க.

முதலில் ஒரு வேலை. உங்கள் போனில் பட்டா-சிட்டா நகல் பிடிஎஃப் ஆக இருந்தால் இப்போதே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். புல எண், உட்பிரிவு எண் எல்லாம் தாண்டி 'பரப்பு' என்ற கட்டத்துக்கு வாங்க. அதன் தலைப்பில் 'ஹெக் - ஏர்' என்று இருக்கும். பக்கத்தில் தீர்வை. அதன் தலைப்பில் 'ரூ - பை'. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு இருக்கிறது பாருங்க. இன்றைக்குப் பேச்சு அந்தக் கோட்டைப் பற்றித்தான்.

பரப்புக் கட்டத்தில் '1 - 5.00' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிலம் எவ்வளவு? பல பேர் சட்டென்று 'ஒன்றரை ஹெக்டேர்' என்பார்கள். அது இல்லை. 1 ஹெக்டேர், 5 ஏர். ஒரு ஹெக்டேருக்கு 100 ஏர். ஆக இது 1.05 ஹெக்டேர். நம்ம பேச்சுக் கணக்கில் ஒரு ஏர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட். அப்படிப் பார்த்தால் இந்த நிலம் சுமார் 2 ஏக்கர் 59 சென்ட். அதையே யாராவது 1.5 ஹெக்டேர் என்று தட்டிவிட்டால் சுமார் 3 ஏக்கர் 71 சென்ட் ஆகிவிடும். ஒரு ஏக்கருக்கும் மேலே காகிதத்தில் கூடிப்போகும்.

கூடினால் நல்லதுதானே என்று பின்னால் யாரோ சிரிக்கிறீங்க. பயிர்க் காப்பீட்டுக்குப் போய்ப் பாருங்க. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி பருவத்து தானியம், பயறுக்கு விவசாயி கட்டுகிற பங்கு, காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 1.5 சதவீதம். காப்பீட்டுத் தொகை பரப்பளவை வைத்துத்தான் வருகிறது. பரப்பு கூடினால் கட்டுகிற பணமும் கூடும். நாளைக்கு இழப்பு வந்து பதிவேட்டோடு ஒப்பிடும்போது, அடங்கலில் ஒரு பரப்பு, விண்ணப்பத்தில் ஒரு பரப்பு என்று நிற்கும். கண்மாய்ப் பாசனம் இருக்கிற ஊர்க்காரர் ஒருவேளை சமாளித்துவிடுவார். ஐப்பசி மழையை மட்டும் நம்பிக் கரிசலில் உளுந்தும் மக்காச்சோளமும் போட்டவருக்கு அந்தக் காப்பீடு ஒன்றுதான் பிடிமானம்.

மனுசனுக்கு இது குழப்பமென்றால் விளக்கிவிடலாம். தாசில்தார் அலுவலகத்தில் நாற்பது வருசம் காகிதம் பார்த்தவருக்கு அந்தக் கோடு தானாகவே புரியும். கணினிக்குப் புரியாது. அதற்கு '1 - 5' என்றால் ஒன்றிலிருந்து ஐந்தைக் கழிப்பதாக இருக்கலாம், ஜனவரி 5 ஆக இருக்கலாம், 1 ரூபாய் 5 பைசாவாக இருக்கலாம், 1 ஹெக்டேர் 5 ஏராகவும் இருக்கலாம். எது என்று யாராவது விதி எழுதிக் கொடுக்க வேண்டும்.

இதே தலைவலி, மொழி வடிவமைத்தவர்களுக்கு

கணினிக்கு நிரல் எழுதும் மொழிகளை உருவாக்கியவர்களுக்கு இந்தத் தலைவலி அறுபது வருசம் முன்பே வந்தது. 1960-ல் அல்கால் 60 என்ற மொழியின் அறிக்கை வெளியானது. எந்தக் குறியீட்டுக்கு அடுத்து எது வரலாம் என்கிற இலக்கணத்தை அதில் கணிதம் போலத் துல்லியமாக எழுதினார்கள். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என்ன பொருள் என்பதைச் சாதாரண ஆங்கில உரைநடையில் எழுதிவிட்டார்கள். உரைநடைக்கு ஆளுக்கொரு அர்த்தம் எடுக்கலாம் இல்லையா? எடுத்தார்கள். ஏழு வருசம் கழித்து, 1967-ல், டொனால்ட் குனுத் அந்த மொழியில் இன்னும் மிச்சமிருக்கிற சிக்கலான இடங்களைப் பட்டியல் போட்டு ஒரு கட்டுரையே எழுத வேண்டியிருந்தது.

அந்தக் காலகட்டத்தில்தான் நிரலின் பொருளையும் கணிதமாக எழுத வழி தேடினார்கள். மூன்று வழிகள் நிலைத்தன. 1969-ல் டோனி ஹோர் சொன்ன வழி நமக்கு ரொம்பப் பழக்கமானது: வேலை தொடங்கும் முன் எது உண்மையாக இருக்க வேண்டும், முடிந்ததும் எது உண்மையாகி இருக்கும் என்று இரண்டையும் எழுது. இ-சேவை மையச் சுவரில் ஒட்டியிருக்கிற 'தேவையான ஆவணங்கள்' பட்டியல் இதில் பாதி. இன்னொரு பாதியை, அதாவது முடிவில் கையில் என்ன கிடைக்கும் என்பதை, நாம் பெரும்பாலும் எழுதி ஒட்டுவதில்லை. கார்டன் பிளாட்கின் 1981-ல் எழுதிய வழியில், இயந்திரம் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியையும் விதியாக எழுதுவார்கள்.

நமக்கு இன்றைக்கு வேண்டியது இன்னொன்று. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சியும் டானா ஸ்காட்டும் சேர்ந்து 1971-ல் எழுதியது. அவர்கள் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி: எழுத்து வேறு, அது குறிக்கும் மதிப்பு வேறு. ஒவ்வொரு சின்னத் துண்டும் எந்த மதிப்பைக் குறிக்கிறது என்று விதி எழுது. துண்டுகள் சேர்ந்தால் மொத்தத்தின் மதிப்பு, துண்டுகளின் மதிப்பிலிருந்தே வர வேண்டும். நடுவில் யாருடைய ஊகமும் நுழையக் கூடாது.

பட்டாவுக்கு வருவோம். விதி: கோட்டுக்கு இடது பக்கம் இருப்பதை 100-ஆல் பெருக்கு, வலது பக்கம் இருப்பதைக் கூட்டு. வருவது ஏர். அவ்வளவுதான். '1 - 5.00' என்றால் 105 ஏர். இப்போ ஒருவருக்கு இரண்டு உட்பிரிவு இருக்கிறது. ஒன்று '0 - 60.00', இன்னொன்று '0 - 55.00'. மொத்தம்? 60-ம் 55-ம் 115 ஏர். திரும்ப எழுதினால் '1 - 15.00'. விதி இல்லாத நிரல் '0 - 115' என்று எழுதிவைக்கும், அல்லது கோட்டைப் புள்ளியாக மாற்றி வேறு ஏதாவது செய்யும். தீர்வைக் கட்டத்திலும் அதே கோடுதான், அங்கேயும் 100-ஆல்தான் பெருக்குகிறோம், ஆனால் வருவது பைசா. ஒரே எழுத்து, இரண்டு பொருள். எந்தத் தலைப்பின் கீழ் நிற்கிறது என்பதும் விதியில் சேர வேண்டும்.

இணையத்துக்கு ஒரு பொருள் வலை

சரி, இதற்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம்? உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லாசிலா மூவரும் 2001 மே மாதம் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மனிதர்கள் படிக்கிற பக்கங்கள் மட்டும் போதாது, இயந்திரமும் புரிந்துகொள்கிற தரவு வலை வேண்டும் என்றார்கள். அதற்குப் பெயர் 'செமான்டிக் வெப்'. தமிழில் பொருள் வலை என்று சொல்லிக்கொள்வோம்.

அதில் எல்லாத் தகவலும் மூன்று துண்டாக இருக்கும். எதைப் பற்றி, என்ன பண்பு, என்ன மதிப்பு. 'இந்தப் புல எண் – பரப்பு – 1 - 5.00.' 'இந்தப் புல எண் – கிராமம் – இன்ன கிராமம்.' இப்படிக் கோடிக்கணக்கான மூன்று துண்டு வாக்கியங்களை ஒன்றோடொன்று முடிந்து வைத்தால், ஒரு துறையின் தகவல் இன்னொரு துறையின் தகவலோடு தானாகப் பேசும் என்பது கனவு. கனவு பாதி நடந்திருக்கிறது. 2012-ல் தொடங்கிய விக்கித்தரவு இந்த வகைதான். நிலத்துக்கு 14 இலக்கத் தனி அடையாள எண், விவசாயிக்குத் தனி அடையாள எண் என்று இப்போது கொடுத்துவருவதும் இதே போக்கில் வருகிற வேலைதான்.

தனி எண் ஏன் வேண்டும்? நம்ம திருச்சுழியையே எடுத்துக்கோங்க. திருச்சுழி ஒரு ஊர். திருச்சுழி ஒரு வட்டம். ஒரு ஊராட்சி ஒன்றியம். ஒரு சட்டமன்றத் தொகுதி. நான்கின் எல்லையும் ஒன்றில்லை. தொகுதிக்குள் இருப்பவர் எல்லாரும் அந்த வட்டத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அருப்புக்கோட்டையும் அப்படித்தான், அதற்கு நகராட்சி வேறு சேர்த்தி. ஆங்கிலத்தில் எழுதும்போது திருச்சுழிக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் பழக்கத்தில் இருக்கிறது என்று நீங்களே தேடிப் பாருங்க. ரமண மகரிஷி பிறந்த ஊர் என்பதால் உலகம் பூரா ஆளுக்கொரு மாதிரி எழுதிவைத்திருக்கிறார்கள். 'திருச்சுழியில் எத்தனை பேர்?' என்று போனில் கேட்டால், எந்தத் திருச்சுழி என்று அது திருப்பிக் கேட்க வேண்டும். கேட்காமல் ஒரு எண்ணைச் சொன்னால் நம்பாதீங்க.

பட்டா எடுக்கும்போது மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்வு செய்யச் சொல்வதும் இதற்காகத்தான். புல எண் 112 எத்தனையோ கிராமத்தில் இருக்கும். மேலே இருக்கிற மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரே ஒரு நிலம்.

ஆனால் பெயரைத் தனியாக்கிவிட்டாலே பொருள் வந்துவிடாது. இதைத்தான் நான் இன்றைக்குச் சொல்ல வந்தேன். எண் கொடுப்பது, இணைப்பது, செயலி வெளியிடுவது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. மதிப்புக் கட்டத்தில் இருக்கிற '1 - 5.00' என்ன என்று எழுதிவைப்பது கண்ணுக்குத் தெரியாத வேலை. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால், ஒரு அலுவலகத்துக்குள் இருந்த குழப்பம் நாலு அலுவலகத்துக்கு வேகமாகப் போகும்.

பொருள் வலையின் அடிப்படை மொழியான ஆர்.டி.எஃப். 1999-லேயே வந்துவிட்டது. அதன் வாக்கியங்களுக்குக் கணிதப்படி என்ன பொருள் என்று சொல்லும் ஆவணம் 2004-ல்தான் தரமாக வெளியானது. அதில் ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. எந்த வகை மதிப்பாக இருந்தாலும் மூன்றைச் சொல்ல வேண்டும்: எப்படி எழுதலாம், என்னென்ன மதிப்பு உண்டு, எழுத்திலிருந்து மதிப்புக்குப் போகிற விதி என்ன. ஸ்ட்ரேச்சியும் ஸ்காட்டும் சொன்னதன் சாயல் அதில் தெரிகிறது. முழு எண்ணுக்கும் தேதிக்கும் ஆண்டுக்கும் உலகப் பொது விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. நம்ம ஹெக்டேர்-ஏருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பசலிக்கும் இல்லை. ஆனால் புதிய வகையை நாமே வரையறுத்துச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது.

பசலி என்றதும் மாணவர்கள் முகம் மாறுது. அடங்கலில் 'பசலி 1434' என்று இருக்கும். ஏதோ மன்னர் காலத்து ஆவணம் என்று கணினி நினைத்தால் அதன் மேல் தப்பில்லை. அக்பர் காலத்திலிருந்து வருகிற வருவாய் ஆண்டு இது. ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்குகிற ஆங்கில ஆண்டு. 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. நம்ம மானாவாரிக்கு இது நல்ல கணக்கு என்றுதான் சொல்வேன். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் அறுக்கிற பயிரை ஜனவரி 1 இரண்டு வருசமாக வெட்டிவிடும். பசலி வெட்டாது. ஆக பசலியைத் தூக்கிவிட்டு ஆங்கில ஆண்டை மட்டும் போடுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். பசலிக்கு விதி எழுதிச் சேர்ப்பதுதான் சரி. அதில் ஒரு கவனம்: 2025 பிப்ரவரியில் அறுத்த பயிரை 2025-லிருந்து 590-ஐக் கழித்து 1435 என்று போட்டுவிடக் கூடாது. ஜனவரி முதல் ஜூன் வரை 591-ஐக் கழிக்க வேண்டும். விதி எழுதும்போது இந்த ஓரத்தையும் எழுதாவிட்டால் ஒரு வருசப் பயிர் அடுத்த வருசத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

பெரியவர்கள் சொல்கிற 'குறுக்கம்' கணக்குக்கு மட்டும் என்னிடம் விதி இல்லை. ஊருக்கு ஊர் அது மாறும். ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொன்னால் ஒருவேளை எழுதலாம்.

'இருந்தால் சேர்' என்கிற சொல்

தகவலுக்குப் பொருள் சொன்னால் போதாது, கேள்விக்கும் சொல்ல வேண்டும். பொருள் வலையில் கேள்வி கேட்பதற்கு ஸ்பார்க்கிள் என்று ஒரு மொழி இருக்கிறது. அதில் 'இருந்தால் சேர்' என்று ஒரு சொல் உண்டு. உதாரணத்துக்கு: 'இந்தக் கிராமத்தில் நிவாரணத்துக்குத் தகுதியானவர் பட்டியல் கொடு. கைபேசி எண் இருந்தால் அதையும் சேர்.' கேட்க எளிமையாக இருக்கிறது. போன் இல்லாத ஒரு அப்பத்தா பட்டியலில் வர வேண்டும், எண் கட்டம் மட்டும் காலியாக இருக்க வேண்டும். 'இருந்தால்' என்பதைத் தவறுதலாகக் 'கட்டாயம்' என்று ஒரு நிரல் எடுத்துக்கொண்டால் அப்பத்தாவே பட்டியலில் இருக்க மாட்டார். யாரும் அவரை நீக்கவில்லை, எந்த உத்தரவும் போடவில்லை. அப்படியே காணாமல் போயிருப்பார்.

இந்தச் சொல்லை மற்ற சொற்களோடு அடுக்கும்போது, எந்த வரிசையில் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறக்கூடிய இடங்கள் இருந்தன. 2006-ல் ஹோர்கே பெரெஸ், மார்செலோ அரேனாஸ், கிளாடியோ குட்டியெரெஸ் என்ற சிலி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மூவர் உட்கார்ந்து, அந்த மொழியின் ஒவ்வொரு சொல்லுக்கும் நிரல் மொழிகளுக்குச் செய்கிற மாதிரியே துண்டிலிருந்து மொத்தத்துக்குப் போகிற பொருள் விதியை எழுதினார்கள். 2008-ல் அந்த மொழி அதிகாரபூர்வத் தரமாக வெளிவந்தபோது அதன் பொருளும் இந்தப் பாணியில் கணிதமாகவே எழுதப்பட்டிருந்தது. அல்கால் காலத்தில் படித்த பாடம் நாற்பது வருசம் கழித்து இணையத்தில் பயன்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது இன்னும் முக்கியம். 'இல்லை' என்பதும் 'தெரியாது' என்பதும் ஒன்றா?

அடங்கலில் பயிர்க் கட்டம் காலியாக இருக்கிறது. நிலம் தரிசாகக் கிடந்ததா, அல்லது இன்னும் யாரும் பார்த்துப் பதியவில்லையா? 'தரிசு' என்று எழுதியிருந்தால் அது ஒரு தகவல். காலிக் கட்டம் தகவலே கிடையாது. சாதாரணத் தரவுத்தளங்கள் எழுதாததை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் உடையவை. பொருள் வலையின் விதியோ, எழுதாததை 'தெரியாது' என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. வறட்சி வருசத்தில் இந்த ஒரு வித்தியாசம் ஒரு குடும்பத்துக்கு நிவாரணமா இல்லையா என்பது வரை போகலாம். விதைத்துக் காய்ந்துபோனதற்கும் விதைக்காமலே விட்டதற்கும் வெயிலில் பார்த்தால் தரை ஒரே மாதிரிதான் இருக்கும். பதிவேடுதான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

வில்லங்கச் சான்றிலும் இதே கதை. 'வில்லங்கம் இல்லை' என்று வந்தால் நிலத்தில் எந்தப் பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம் எடுக்கிறோம். அது சொல்வது அவ்வளவு இல்லை. நீங்கள் கேட்ட காலத்துக்குள், அந்தப் புல எண்ணின் மேல், பதிவுத்துறையில் பதிவான பரிவர்த்தனை எதுவும் காணப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். அதற்கு முந்தைய வருசங்களைப் பற்றியோ பதிவு செய்யாத கைமாற்று எழுத்தைப் பற்றியோ அது வாயே திறக்கவில்லை. நிலம் வாங்குகிறவர்கள் தேதிகளைப் பார்த்துவிட்டுத்தான் 'இல்லை'யைப் படிக்க வேண்டும்.

இப்போது எல்லார் போனிலும் கேள்வி கேட்டால் பதில் சொல்கிற செயற்கை நுண்ணறிவுச் செயலி வந்துவிட்டது. பட்டாவைப் படம் எடுத்துப் போட்டு 'எத்தனை ஏக்கர்?' என்று கேட்கிறார்கள். கேளுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஏர் கணக்கை எப்படிப் போட்டாய் என்று அதனிடமே திருப்பிக் கேளுங்கள். இடதை 100-ஆல் பெருக்கி வலதைக் கூட்டியதா, அல்லது கோட்டைப் புள்ளியாக எடுத்ததா என்று அதன் பதிலிலேயே தெரிந்துவிடும். சரளமாகப் பேசுகிறது என்பதால் விதி தெரிந்திருக்கிறது என்று ஆகாது.

இ-சேவை மையம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தில் பரப்பு ஏக்கரில் கேட்கிறதா, ஹெக்டேரில் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, தட்டிய எண்ணை வந்தவரிடம் அவர் மொழியிலேயே ஒருமுறை படித்துச் சொல்லுங்கள். 'அண்ணே, ரெண்டு ஏக்கர் ஐம்பத்தொன்பது சென்ட்டுன்னு போட்டிருக்கேன், சரியா?' அவருக்குத் தன் நிலம் எவ்வளவு என்று தெரியும். அந்த ஒரு கேள்வியில் நிரலில் விட்டுப்போன விதி பிடிபட்டுவிடும்.

தம்பி தங்கைகளுக்கு: கல்லூரித் திட்டப்பணிக்கு இன்னொரு செயலி செய்வதற்குப் பதிலாக, நம்ம வருவாய்ப் பதிவேடுகளில் வருகிற குறியீடுகளுக்குத் தமிழில் ஒரு பொருள் விதித் தொகுப்பு எழுதலாம். ஹெக்டேர்-ஏர், பசலி, உட்பிரிவு எண்ணில் வருகிற சாய்கோடு, நன்செய், புன்செய், தரிசு. ஒவ்வொன்றுக்கும் எப்படி எழுதலாம், என்ன மதிப்பு, போகிற வழி என்ன என்று மூன்றே கேள்வி. கூடவே பத்து உதாரணமும் அவற்றின் சரியான விடையும் சேர்த்துவையுங்கள். ஒரு நிரல் அந்தப் பத்துக்கும் அதே விடை சொல்கிறதா என்று யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். எழுதியதை உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். அவருக்குத் தெரிந்த விதிகளில் பாதி எங்கேயும் எழுதி வைக்கப்படாமல் இருக்கலாம்.

உங்கள் பதிவில் பரப்போ பயிரோ தவறாக இருப்பது தெரிந்தால் ஜமாபந்தி நடக்கும் நாளில் மனு கொடுக்கலாம். மனுவில் புல எண்ணோடு கிராமத்தின் பெயரையும் பசலியையும் குறிப்பிடுங்கள். பரப்பை ஹெக்டேர்-ஏரில் ஒருமுறை, ஏக்கர்-சென்ட்டில் ஒருமுறை, இரண்டு விதமாகவும் எழுதுங்கள்.

இப்போ போனில் பட்டாவைத் திறந்து வைத்திருக்கிறவர்கள் கையைத் தூக்குங்க, ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.